மன்னர்களும் தன்பாலினக் காதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரே மாதிரியான கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. சில உண்மையான ஆர்வத்தில் வருபவை, சில வம்புக்கு வருபவை. இரண்டு வகைக்கும் இங்கே பதில் உண்டு.

அரசர்கள் ஆண்களைக் காதலித்தார்கள் என்பதெல்லாம் இந்தக் காலத்தில் கிளப்பிவிட்ட கதைதானே?

இல்லை. சீனாவின் பெரும் வரலாற்றாசிரியர் சீமா சியென், கி.மு. 100-ஐ ஒட்டி எழுதிய நூலில், ஹான் பேரரசர்களின் ஆண் அன்பர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அழகால் அரசனை மயக்குவது பெண்களுக்கு மட்டுமே உரிய வேலையில்லை, அரசவை ஆண்களும் அதைச் செய்தார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத்தான் அத்தியாயத்தையே தொடங்குகிறார். பாபர் தன் காதலைத் தானே எழுதிவைத்தார். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் எழுதிய கடிதங்கள் அப்படியே இருக்கின்றன.

ஆனால் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இந்தச் செய்திகளில் பெரும்பகுதியை எழுதியவர்கள், அரசனின் காதலால் பதவியையோ நிலத்தையோ செல்வாக்கையோ இழந்தவர்கள், அல்லது அவர்களின் பக்கத்து ஆட்கள். அரசன் யாரோடு படுத்தான் என்பது அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை. படுத்தவனுக்கு எந்த மாகாணத்தைக் கொடுத்தான் என்பதில்தான் வயிறு எரிந்திருக்கிறது. அதனால் பல அரசர்களின் காதலை நாம் தெரிந்துகொள்வதே ஒரு கணக்குப் புத்தகம் வழியாகத்தான்: இன்னாருக்கு இந்தப் பட்டம், இத்தனை பொன், இந்த மாளிகை.

கணக்குப் புத்தகம் என்றால்? ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள்.

ஹான் பேரரசர் வென் (ஆட்சி கி.மு. 180–157) சிக்கனத்துக்குப் பேர்போனவர். அவருக்குப் பிடித்தவன் தெங் துங் என்ற படகோட்டி. குறிசொல்பவன் ஒருவன் தெங் துங்கின் முகத்தைப் பார்த்து, இவன் பட்டினி கிடந்துதான் சாவான் என்றானாம். "இவனைப் பணக்காரனாக்குவது என் கையில் இருக்கிறது" என்று வென் ஒரு செம்பு மலையையே எழுதிக்கொடுத்து, சொந்தமாக நாணயம் அடித்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார். தெங்கின் காசு நாடெங்கும் புழங்கியது. பேரரசரின் உடம்பில் சீழ்க்கட்டி வந்தபோது வாயால் உறிஞ்சி எடுத்தவன் தெங் துங். அதையே பட்டத்து இளவரசனையும் செய்யச் சொன்னபோது அவன் முகம் சுளித்தான். அந்தச் சுளிப்பு வன்மமாக மாறியது. அவனே அரியணை ஏறியதும் தெங் துங்கின் சொத்து முழுவதும் பறிமுதலானது. கடைசியில் தலைக்கொண்டைக்கு ஓர் ஊசிகூடச் சொந்தமில்லாமல் அடுத்தவர் வீட்டில் செத்தான்.

இந்தக் கதையில் ஆணும் ஆணும் என்பது யாருக்கும் உறுத்தவில்லை. நாணயச்சாலைதான் உறுத்தியது.

'வெட்டிய சட்டைக்கை' என்று சொல்கிறார்களே, அது என்ன கதை?

அதே ஹான் வமிசத்தில் பின்னால் வந்த பேரரசர் ஆய் (ஆட்சி கி.மு. 7–1) பற்றியது. பகலில் இருவரும் படுத்திருக்க, தோங் சியென் என்ற இளைஞன் பேரரசரின் சட்டைக்கை மேல் தலைவைத்துத் தூங்கிப்போனான். எழ வேண்டிய பேரரசர் அவனை எழுப்ப மனமில்லாமல், சட்டைக்கையை வெட்டிவிட்டு எழுந்தார். சீன மொழியில் ஆண்களுக்கிடையிலான காதலுக்கு 'வெட்டிய சட்டைக்கை' என்பதே இன்றுவரை ஒரு பெயர்.

எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சத்தையும் படித்தால்தான் அரசவை புரியும். தோங் சியெனுக்கு மனைவி உண்டு, அவளும் அரண்மனையிலேயே தங்கினாள். அவன் தங்கை பேரரசரின் துணைவியருள் ஒருத்தியானாள். அவனுக்கு 22 வயதிலேயே நாட்டின் தலைமைப் படைத்தலைவர் பதவி கிடைத்தது. ஒரு விருந்தில் குடிபோதையில் பேரரசர், அரியணையையே இவனுக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டுவிட்டார். இது உங்கள் முன்னோர் நிறுவிய நாடு, நீங்கள் விருப்பப்படி எடுத்துக் கொடுக்க முடியாது என்று ஓர் அதிகாரி முகத்துக்கு நேரே சொன்னார். கி.மு. 1-இல் பேரரசர் வாரிசில்லாமல் இறந்ததும் வாங் மாங் என்ற அரசியல்வாதி புகுந்தார். பதவி பறிபோன அன்றே தோங் சியெனும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். சாவு நாடகமாக இருக்குமோ என்று சவப்பெட்டியைத் தோண்டியெடுத்துச் சோதித்தார்கள். சொத்தை ஏலம்விட்டதில் வந்தது 430 கோடிக் காசு என்று ஹான் வரலாறு எழுதிவைத்திருக்கிறது. காதலை ஒரு வரியில் சொன்ன நூல், ஏலக் கணக்கை மறக்கவில்லை.

அலெக்சாந்தரும் ஹெஃபைஸ்டியனும் காதலர்களா?

பெரும்பாலும் ஆம் என்றே நினைக்கிறேன். ஆனால் அடித்துச் சொல்ல முடியாது. கிடைத்திருக்கும் முக்கிய நூல்கள் எல்லாம் அலெக்சாந்தர் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அவை இருவரையும் உயிர் நண்பர்கள் என்றே பேசுகின்றன. கி.மு. 334-இல் திராய்க்குப் போனபோது அலெக்சாந்தர் காவிய வீரன் அக்கிலீசின் சமாதிக்கும் ஹெஃபைஸ்டியன் அவனுடைய உயிர்த்தோழன் பத்ரோக்ளசின் சமாதிக்கும் மாலை போட்டார்கள். அந்த இணையைக் காதலர்களாகவே பார்த்த கிரேக்கர்கள் பலர் உண்டு. கி.மு. 324-இல் எக்பட்டானாவில் ஹெஃபைஸ்டியன் காய்ச்சலில் இறந்ததும், குதிரைகளின் பிடரி மயிரைச் சிரைக்கச் சொன்னார், மருத்துவரைக் கொன்றார் என்றெல்லாம் கதைகள் உண்டு. இவற்றைத் தொகுத்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியனே (Arrian), இதில் சில நம்பும்படி இல்லை என்கிறார். அடுத்த ஆண்டே அலெக்சாந்தரும் போய்ச் சேர்ந்தார்.

மாசிடோனியாவில் அரசன் ஆணைக் காதலிப்பது செய்தியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலெக்சாந்தரின் தந்தை பிலிப்பைக் கி.மு. 336-இல் குத்திக் கொன்ற மெய்க்காவலன், அவருடைய பழைய காதலன் என்றே கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். கொலைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, தனக்கு நேர்ந்த ஒரு கொடுமைக்கு அரசன் நீதி வழங்கவில்லை என்ற ஆத்திரம்.

ரோமாபுரியில் ஓர் இளைஞனைக் கடவுளாக்கினார்களாமே?

பேரரசர் ஹேட்ரியன் செய்த வேலை அது. பித்தினியாவைச் சேர்ந்த, அதாவது இன்றைய துருக்கியின் வடமேற்கைச் சேர்ந்த அவருடைய காதலன் அன்டினோஸ், கி.பி. 130 அக்டோபரில் நைல் நதியில் மூழ்கி இறந்தான். விபத்தா, தற்கொலையா, பேரரசரின் ஆயுளுக்காகக் கொடுத்த பலியா என்று அப்போதே மூன்று பேச்சு. ஹேட்ரியன் அங்கேயே ஆற்றங்கரையில் அவன் பெயரில் ஒரு நகரம் கட்டினார். கோயில், விழா, நாணயம், சிலை என்று பேரரசு முழுக்க வழிபாடு பரவியது. அவன் முகம் பொறித்த சிற்பங்கள் ஏறத்தாழ 100 இன்றும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெரும்பாலான பேரரசர்களுக்கே அந்தக் கொடுப்பினை இல்லை.

ரோமர்களுக்கு இதில் எது இழுக்கு? அழுததுதான். பெண்பிள்ளைபோல அழுதார் என்று ஒரு நூல் ஏளனம் செய்கிறது. அடிமையோ வெளிநாட்டு இளைஞனோ ரோமனின் படுக்கையில் இருப்பது குறை கிடையாது. ரோமனே கீழ்ப்படிந்த நிலையில் இருந்தான் என்றால்தான் மானம் போகும். ஜூலியஸ் சீசர் இளமையில் பித்தினிய அரசன் நிக்கோமெடிசுக்கு அப்படி இருந்தார் என்று அவருடைய சொந்தப் படைவீரர்களே வெற்றி ஊர்வலத்தில் பாட்டுக்கட்டிப் பாடினார்கள்: சீசர் காலியரைக் (இன்றைய பிரான்சுப் பகுதி மக்களைக்) கவிழ்த்தார், சீசரைக் கவிழ்த்தது நிக்கோமெடிஸ் என்று. சீசர் அதை ஆயுள் முழுக்க மறுத்துக்கொண்டே இருந்தார்.

இஸ்லாமிய அரசர்கள் பற்றி யாரும் எழுதவே இல்லையா?

எழுதிக் குவித்திருக்கிறார்கள். கஜினி முகமதுவும் அவருடைய துருக்கிய அடிமை அயாசும் பாரசீகக் கவிதையில் லைலா மஜ்னூனுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இணை. அரசன் அடிமைக்கு அடிமையானான் என்பதுதான் கவிஞர்களுக்கு அதில் கிடைத்த சுவை. சூஃபிகள் அதையே இறைவனுக்கும் பக்தனுக்கும் உள்ள உறவாக்கிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பாபரின் பக்கங்கள். இங்கே எதிரி எழுதவில்லை, கவிஞன் எழுதவில்லை. ஆளே எழுதுகிறார். ஆண்டு 1499–1500, பாபருக்கு 16, 17 வயது. புதிதாகத் திருமணமாகியிருக்கிறது. மனைவி ஆயிஷாவிடம் முதலில் வெட்கத்தால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் போவாராம். பிறகு அந்த ஆசையும் போய்விட்டது. 40 நாளுக்கு ஒருமுறை அம்மா திட்டித் துரத்திவிட்டால்தான் போவாராம். அந்த நேரத்தில்தான் படைமுகாம் கடைவீதியில் பாபுரி என்ற பையனைப் பார்க்கிறார். அதற்குமுன் யார் மேலும் ஆசை வந்ததில்லை என்கிறார்.

பாபுரி எதிரே வந்தால் நேராகப் பார்க்க முடியவில்லை, பேச்சு வரவில்லை. ஒரு நாள் நண்பர்களோடு சந்தில் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று நேருக்குநேர் சந்திப்பு. உடைந்தே போயிருப்பேன் என்று எழுதுகிறார். வந்ததற்கு நன்றி சொல்லவே நாக்கு எழாதபோது, போகிறானே என்று எப்படிக் குறைப்படுவது என்கிறார். செருப்பில்லாமல், தலைப்பாகை இல்லாமல் தெருத்தெருவாக, தோட்டந்தோட்டமாகத் திரிந்திருக்கிறார். நடுவில் பாரசீக ஈரடிகள் வேறு. பின்னாளில் டெல்லியைப் பிடிக்கப்போகும் ஆள், கடைத்தெருப் பையன் முன்னால் வாயடைத்து நிற்கிறார். நான் படித்த அரச வரலாறுகளில் இவ்வளவு கவசமில்லாத பக்கம் வேறில்லை.

அதே நூலில் வேறொரு சுல்தான் அழகிய பையன்களைத் தேடித்தேடி வைத்துக்கொண்டதைப் பாபர் கடுமையாகத் திட்டுகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தன் காதலும் அந்த சுல்தான் செய்ததும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மதுரை வரை வந்த மாலிக் கபூர் அலாவுதீன் கில்ஜியின் காதலனா?

1299-இல் குஜராத் படையெடுப்பில் காம்பே துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை கபூர். ஆயிரம் தினார் விலைபோனவன் என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. காயடிக்கப்பட்டவர். சுல்தான் அவர்மேல் மயங்கிக் கிடந்தார், கடைசி ஆண்டுகளில் அவர் சொன்னதே சட்டமாக இருந்தது என்று டெல்லி வரலாற்றாசிரியர் ஜியாவுதீன் பரணி எழுதுகிறார். எழுதியது 1357-இல், நாற்பது ஆண்டு கழித்து. குலத்தில் தாழ்ந்தவர்களும் மதம் மாறியவர்களும் மேலே வருவது பரணிக்கு அறவே ஆகாது என்பது அவர் எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். வாரங்கல், துவாரசமுத்திரம், மதுரை என்று தெற்கைச் சூறையாடிய தளபதி வெறும் முக அழகால் அந்தப் பதவியில் இருந்திருக்க முடியாது. மயக்கம் இருந்திருக்கலாம், திறமை கண்டிப்பாக இருந்தது.

1316-இல் அலாவுதீன் இறந்ததும் இளவரசர்களின் கண்ணைப் பிடுங்க வைத்து ஆட்சியைப் பிடித்தார் கபூர். ஒரு மாதம் சொச்சத்தில் மெய்க்காவலர்கள் கொன்றுவிட்டார்கள்.

அடுத்து வந்த அலாவுதீனின் மகன் முபாரக் ஷா விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. குஸ்ரு கான் மேல் அவர் வைத்த காதல் ஊரறிந்தது. அந்த குஸ்ருவே 1320-இல் அரண்மனைக்குள் ஆட்களை வரவழைத்து முபாரக்கைக் கொல்லச் செய்து தானே சுல்தான் ஆனார். அவரும் சில வாரங்களே நிலைத்தார்.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்டைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கொன்றது உண்மையா?

சாவை ஒட்டி எழுதப்பட்ட குறிப்புகளில் அப்படி எதுவும் இல்லை. 1327-இல் பர்க்லி கோட்டையில் சிறையிருந்தபோது இறந்ததாக அறிவிக்கப்பட்டது. இரும்புக் கதை ஆண்டுகள் கழித்து ஏடுகளில் ஏறியது. பாவத்துக்கேற்ற தண்டனை என்று காட்டக் கச்சிதமாக இருந்ததால் நிலைத்துவிட்டது. அவ்வளவு கச்சிதமாக இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை.

எட்வர்டின் அன்பர் பியர்ஸ் கேவ்ஸ்டன் கதை மட்டும் நிஜம். 1307-இல் எட்வர்ட் அரியணை ஏறியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அரச குடும்பத்துக்கென்று வைத்திருந்த கார்ன்வால் பிரபு பட்டத்தை அவருக்குக் கொடுத்தது. முடிசூட்டு விழாவில் கிரீடத்தை ஏந்தி வந்தவரும் கேவ்ஸ்டன்தான், அதுவும் அரசனை மிஞ்சும் உடையில். போதாக்குறைக்கு வாய்த்துடுக்கு. பெரும் பிரபுக்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தார். வாரிக் பிரபுவுக்கு வைத்த பெயர் 'ஆர்டன் காட்டுக் கறுப்பு நாய்'. 1312-இல் கேவ்ஸ்டனைப் பிடித்துக்கொண்டு போனது அந்த நாய்தான். ஜூன் 19 அன்று பிளாக்லோ குன்றில் தலை உருண்டது.

அந்தக் காலத்தில் இதற்கு மரண தண்டனை உண்டே, மன்னர்கள் எப்படித் தப்பினார்கள்?

சட்டம் போடுகிறவனைச் சட்டம் பிடிக்குமா? 1533 முதல் இங்கிலாந்தில் ஆணோடு ஆண் உறவுக்குத் தூக்கு. முதலாம் ஜேம்ஸ் தன் மகனுக்காக எழுதிய அரசியல் அறிவுரை நூலில், மன்னிக்கவே கூடாத குற்றங்களின் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறார். அதே ஜேம்ஸ்தான் 1617-இல் ஆலோசனை சபையில், ஏசுவுக்குப் பிரிய சீடனாக ஒரு யோவான் இருந்ததுபோல எனக்கு ஒரு ஜார்ஜ் என்று பேசினார். ஜார்ஜ் வில்லியர்ஸ் சாதாரணக் கனவான் வீட்டுப் பையனாக வந்து பக்கிங்ஹாம் கோமகன் ஆனவர். ஜேம்ஸ் அவருக்கு எழுதிய ஒரு கடிதம், 'என் இனிய குழந்தையே, மனைவியே' என்று வாழ்த்தி, 'உன் அப்பாவும் கணவனுமானவன்' என்று தன்னைக் குறிப்பிட்டு முடிகிறது. வில்லியர்ஸ் தன்னை அரசனின் நாய் என்று குறிப்பிட்டே பதில் எழுதுவார். ஏப்தார்ப் மாளிகையை 2004–2008-இல் செப்பனிட்டபோது இருவரின் படுக்கையறைகளையும் இணைக்கும் ஒரு வழி சுவருக்குள் தெரியவந்தது.

நாடாளுமன்றம் பக்கிங்ஹாமைத் தாக்கியபோது எடுத்த ஆயுதம் எது? லஞ்சம், தோற்ற போர்கள், ஒரே ஆள் கையில் குவிந்த பதவிகள். 1628-இல் அவரைக் கத்தியால் குத்திய படை அதிகாரி ஃபெல்டனுக்கும் பதவி உயர்வும் சம்பளமும்தான் குறை.

அரசனாக இல்லாத அரச குடும்பத்தவர் சட்டத்திலிருந்து அவ்வளவு எளிதாகத் தப்பவில்லை. சயாமில் (இன்றைய தாய்லாந்து) அரசர் மூன்றாம் ராமாவின் சிறிய தகப்பனார் முறையான இளவரசர் கிரைசோன் 1848-இல் கொல்லப்பட்டார். மனைவிகளை விட்டு நாடகக்காரர்களோடு படுத்தது குற்றப்பத்திரிகையில் வருகிறது. கூடவே வழக்குகளில் லஞ்சம் வாங்கியதும், அரியணைமேல் கண்வைத்ததும் வருகின்றன. உயிரை வாங்கியது அரியணை ஆசைதான் என்பது என் கணிப்பு.

பிரஷ்யாவின் மகா பிரெடரிக்?

1730-இல், 18 வயதில், அடித்துத் துன்புறுத்திய தந்தையிடமிருந்து ஓடிப்போக முயன்றார். உதவிய நண்பர், படை அதிகாரி கட்டே. ராணுவ நீதிமன்றம் கட்டேவுக்கு ஆயுள் தண்டனைதான் கொடுத்தது. தந்தை அதை மரண தண்டனையாக மாற்றினார். நவம்பர் 6 அன்று கூஸ்ட்ரின் கோட்டையில், மகனின் ஜன்னல் வழியே பார்க்கும்படி அழைத்துவந்தார்கள். பிரெடரிக் ஜன்னலிலிருந்து மன்னிப்புக் கேட்டுக் கத்தினார், பிறகு மயங்கி விழுந்தார். பின்னாளில் கட்டாயத் திருமணம், குழந்தை கிடையாது, அரியணை ஏறியதும் அரசியைத் தனி மாளிகையில் வைத்துவிட்டார். கட்டே காதலனா என்பதற்குக் கடிதச் சான்று இல்லை. மற்றபடி பிரெடரிக்கின் நாட்டம் எந்தப் பக்கம் என்பதில் இன்றைய வரலாற்றாசிரியர்களிடையே பெரிய சண்டை இல்லை.

மனைவி, பிள்ளைகள் இருந்தார்களே, பிறகு எப்படி?

அரசத் திருமணம் ஓர் ஒப்பந்தம். வாரிசு வேண்டும், எல்லை வேண்டும், சீர் வேண்டும். பதினான்காம் லூயியின் தம்பி பிலிப் இருமுறை மணந்தவர். வாழ்நாள் காதல் லொரைன் பிரபு என்ற ஆணிடம். அது எல்லோருக்கும் தெரியும், இரண்டாவது மனைவி லீசலோட்டுக்கும் தெரியும். ஒரு நாள் இரவு கணவர் போர்வைக்குள் ஜெபமாலையும் புனிதப் பதக்கங்களும் குலுங்கக் குலுங்க வருவதைக் கண்டுபிடித்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த கதையை அவளே எழுதுகிறாள். கடமைக்கு மாதாவின் அருள் தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கடமையின் பலனாக ஐரோப்பாவின் கத்தோலிக்க அரச குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று பிலிப் முன்னோர்.

ராணிகளைப் பற்றிப் பேச்சே காணோமே?

ஏட்டில் குறைவு என்பதால் வாழ்வில் குறைவு என்று அர்த்தமில்லை. ஆணோடு ஆண் என்றால் பதவி கைமாறும், அதனால் யாராவது எழுதினார்கள். அந்தப்புரத்தில் பெண்ணோடு பெண் என்றால் எழுதுகிறவனுக்கு நட்டமில்லை. வாரிசு வராமல் போனால்தான் பேனா எடுத்தான்.

கொரியாவில் நடந்தது அப்படித்தான். மன்னர் சேஜோங்கின் மருமகள், பட்டத்து இளவரசி போங், சோசாங் என்ற பணிப்பெண்ணோடு படுக்கையைப் பகிர்ந்துகொண்டது 1436-இல் வெளியே வந்தது. கணவர் அவளை எட்டிப் பார்ப்பதே அரிது. மாமனார் சோசாங்கை விசாரித்தார், மருமகளையும் அழைத்துக் கேட்டார். மருமகளை விலக்கினார். ஆனால் பொது ஆணையில் இந்த விவகாரத்தைச் சேர்க்காமல் வேறு குறைகளை எழுதவைத்தார். பெரிய இடத்து மானம். அரசவைக் குறிப்பேட்டை அரசனே திருத்த முடியாது என்ற வழக்கம் இருந்ததால் நமக்கு எல்லாம் தெரிகிறது.

சுவீடனின் கிறிஸ்டினா திருமணமே செய்துகொள்ளவில்லை. எப்பா ஸ்பாரே என்ற சீமாட்டியை ஆங்கிலத் தூதரிடம் தன் படுக்கைத் துணை என்று அறிமுகம் செய்தார். உயர்குலப் பெண்கள் ஒரே கட்டிலில் படுப்பது அன்று வழக்கம்தான், அந்தச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 1654-இல் முடிதுறந்து ரோமுக்குப் போன பிறகும் எப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் தயங்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் கழிந்தும், மறுபடி பார்க்கவே வழியில்லை என்று தெரிந்தும், உன்னை நேசிக்கிறேன் என்றே எழுதுகிறார்.

இங்கிலாந்து அரசி ஆன் (ஆட்சி 1702–1714) இன்னும் சிக்கலானவர். கணவரோடு நல்ல இணக்கம், 17 முறை கருவுற்றார், ஒரு பிள்ளையும் பிழைத்து வளரவில்லை. அவருக்கும் நெருங்கிய தோழி சாரா சர்ச்சிலுக்கும் இடையே படிநிலை குறுக்கே வரக் கூடாதென்று, கடிதங்களில் 'திருமதி மோர்லி', 'திருமதி ஃப்ரீமன்' என்று பொய்ப்பெயர் வைத்துக்கொண்டார்கள். பிறகு அபிகேல் மாஷம் என்ற அரண்மனைப் பணிப்பெண் அரசியின் நெருக்கத்துக்கு வந்தார். அவர் சாராவின் உறவுக்காரி, சாராவே வேலைக்குச் சேர்த்துவிட்டவர். பொறாமை தலைக்கேற, தன் பாலாரைத் தவிர வேறு யார்மேலும் நாட்டமில்லாதவர் என்ற பேச்சு வரும் என்று சாரா அரசிக்கே கடிதம் எழுதினார். தான் இருந்த இடத்தில் இன்னொருத்தி வந்ததும் அதே நெருக்கம் அவருக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

இது மேல்நாட்டு இறக்குமதி என்கிறார்களே?

மேலே பாதி பேர் ஆசியர்கள். ஆப்பிரிக்காவில் இந்த வாதம் படும் பாடு இன்னும் வேடிக்கை. இன்றைய உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டாவின் அரசர் இரண்டாம் முவாங்கா, கிறித்தவரான அரண்மனைப் பையன்கள் தன் ஆசைக்கு இணங்க மறுத்ததால் அவர்களை எரித்துக் கொன்றார் என்பது திருச்சபை சொல்லும் வரலாறு. 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் எரிக்கப்பட்டவர்கள் உட்பட 22 கத்தோலிக்கர்களுக்கு 1964-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. உகாண்டாவில் ஜூன் 3 அரசு விடுமுறை. அதே நாட்டில்தான் இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்ற மேடைப்பேச்சோடு 2023-இல் கடுமையான சட்டம் வந்தது. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்கிறார்களோ!

முவாங்காவின் கொலைகளுக்கு அரசியல் காரணமும் உண்டு. எல்லையில் வெள்ளையர் நெருங்கிக்கொண்டிருந்தார்கள், பையன்கள் அரசனைவிட மதகுருவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கதையை எழுதியவர்களில் பெரும்பாலானோர் மதப்பரப்பாளர்கள்.

கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் ஏன் சேர்க்கவில்லை?

சேர்க்கக் காரணமில்லை என்பதால். பார்க்காமலே வளர்ந்த நட்பு, சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து வந்து கூடவே உயிர்விட்ட புலவர். 'செல்வக் காலை நிற்பினும், அல்லற் காலை நில்லலன் மன்னே' என்று சோழன் பாடுவதைப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்தப் புறப்பாட்டுகளில் உடல் ஆசை ஓரிடத்திலும் தலைகாட்டவில்லை. நட்பு இவ்வளவு ஆழம் போகும் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்கள்தான் எல்லாவற்றையும் இந்தப் பட்டியலில் போடுவார்கள்.

அந்த இளைஞர்களுக்கு இதில் விருப்பம் இருந்ததா?

இந்தக் கேள்வியை இன்னும் அதிகம் பேர் கேட்க வேண்டும். அயாஸ் அடிமை, கபூர் அடிமை. அன்டினோஸ் சாகும்போது இருபதைத் தாண்டினானா என்பதே சந்தேகம், எதிரே உலகின் மிகப் பெரிய அதிகாரம். அவன் எழுதிய ஒரு வரியும் நம்மிடம் இல்லை. இதையெல்லாம் அழகிய காதல் கதையாக மட்டும் பகிர்வது எனக்கு ஒப்பாது. அந்தப்புரத்தில் அடைக்கப்பட்ட பெண்களைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கும். பாபரின் கதை மனத்துக்கு நெருக்கமாக இருப்பதற்கு அதுவும் காரணம்: அரசன்தான் அங்கே நடுங்குகிறான். பையனைத் தொட்டதாகவே அவர் எழுதவில்லை.

இன்றைய அரச குடும்பங்களில்?

குஜராத்தின் ராஜ்பிப்ளா இளவரசர் மானவேந்திர சிங் கோஹில் தன் நாட்டம் ஆண்கள் மேல்தான் என்று 2006-இல் வெளிப்படையாகச் சொன்னார். 1991-இல் நடந்த திருமணம் ஓராண்டிலேயே முறிந்திருந்தது. ஊரில் உருவபொம்மை எரித்தார்கள், குடும்பம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத் தள்ளிவைத்தது, பிறகு சமாதானமானது. இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடி உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தளர்ந்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். அதே 2018-இல் பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் உறவினரான ஐவர் மவுன்ட்பேட்டன் ஓர் ஆணை மணந்தார், கையைப் பிடித்து அழைத்துவந்து ஒப்படைத்தவர் முன்னாள் மனைவி.

ஆனால் இவர்கள் யாரும் ஆளப்போகிறவர்கள் இல்லை. அரியணைக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் தன் பாலில் ஒருவரை மணந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நெதர்லாந்தில் 2021-இல் எழுந்தது. அரியணையை விடாமலே மணக்கலாம் என்று அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அந்த இணையின் குழந்தை வாரிசாகுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்ல மறுத்துவிட்டார். அரச வாரிசு முறைப்படி பிறந்த வழித்தோன்றலாக இருக்க வேண்டும் என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பு.